இரண்டடிச் செடித் தொட்டிக்கு மீன் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை கொளத்தூரில் வரிசையாக இருக்கும் அழகு மீன் கடைகளில் பல மீன்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். முதன்முறையாகச் செடி நட்ட தொட்டி வைத்தவர் அங்கே போனால் ஏஞ்சல் ஒரு ஜோடி, டைகர் பார்ப் ஒரு ஜோடி, நியான் டெட்ரா ஒரு ஜோடி, கோல்டு பிஷ் ஒரு ஜோடி, பாசியைத் தின்பதற்கு ஒரு சக்கர் என்று பைகளை நிரப்பிக்கொண்டு திரும்புவது வழக்கம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அருமையான மீன். ஒரே தொட்டியில் விட்டால் டைகர் பார்ப் ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கிழிக்கும். ஏஞ்சல் வளர்ந்ததும் நியானை விழுங்கும். கோல்டு பிஷ் இளந்தளிர்களை மேய்ந்துவிடும். பலர் இந்த ஆசையையே கைவிட்டு, காலித் தொட்டியை மொட்டைமாடிக்கு அனுப்புவது இந்த முதல் கலவையால்தான். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் இரண்டடித் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழக்கூடிய மீன்கள் அதே கடைகளில், பெரும்பாலும் அதே விலைக்குக் கிடைக்கின்றன.

முதலில் இடத்தைக் கணக்கிடுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 56 லிட்டர். மண், கல், கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையில் நிற்கும் தண்ணீர் 45 லிட்டர் அளவுதான். இனி வரும் யோசனைகள் எல்லாம் இந்த அளவுக்கானவை.

தண்ணீரை விசாரிக்காமல் மீனைத் தேர்ந்தெடுப்பது

இந்த மீனும் அந்த மீனும் சேருமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரோடு அந்த மீன் சேருமா என்று கேட்க வேண்டும். சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் கடினமானது. பாத்திரத்தின் அடியிலும் குளியலறைக் குழாயின் வாயிலும் வெள்ளைப் படிவு பிடிக்கிறதென்றால் அதில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் நிலைமை நேர்மாறு, அது மென்னீர். ஒரே மீன் இந்த இரண்டு வீடுகளிலும் ஒரே மாதிரி வாழாது.

கார்டினல் டெட்ராவின் பூர்வீகம் பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆறு. இலைதழைகளின் சாறு இறங்கித் தேயிலை நிறத்தில் ஓடும் அந்த ஆற்றுநீரில் தாது உப்புகள் இல்லையென்றே சொல்லலாம். மோலியோ மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்தது. கடினநீரிலும், கடலோர உவர்நீரிலும்கூட வாழும். இந்த இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் அவை சண்டையிட்டுக்கொள்ளாது. ஆனால் இரண்டில் ஒன்று நாள்தோறும் மெல்ல நலிந்துகொண்டிருக்கும். மென்னீரில் இருக்கும் மோலி துடுப்புகளைக் குறுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நெளிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். தண்ணீரில் தாது குறைந்துபோனதற்கு மருந்து என்ன செய்யும்?

டி.டி.எஸ். மீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அது மதிப்பிட்டுச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. கடலோரக் கிணறுகளில் சோடியம் உப்பாலும் அந்த எண் ஏறும். கடினத்தன்மையைத் தெரிந்துகொள்ளச் சொட்டு மருந்து போல விட்டு நிறமாற்றத்தைப் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குவது நல்லது.

அடுத்து பலரும் செய்வது, பி.எச். எனப்படும் அமில-கார அளவைக் குறைக்கும் திரவத்தை ஊற்றுவது. கடினநீரில் பொதுவாகக் கார்பனேட்டுகளும் நிறைய இருக்கும். அவை ஓரிரு நாளில் பி.எச். அளவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். இந்த ஏற்ற இறக்கம், நிலையாக இருக்கும் சற்று உயர்ந்த பி.எச். அளவைவிட மீனை அதிகம் வாட்டும். ஆர்.ஓ. தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு கலப்பது சரியான வழிதான். ஆனால் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அதே விகிதத்தில் கலக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றினால் மீனுக்கும் செடிக்கும் வேண்டிய தாதுக்கள் கிடைக்காது. இந்த வேலையை மாதக்கணக்கில் செய்யப் பொறுமை இருந்தால் இறங்குங்கள். இல்லையென்றால் குழாயில் வரும் தண்ணீருக்கேற்ற மீனை வாங்குவதே மேல். கடினநீர் வீட்டுக்குக் கப்பியும் பிளாட்டியும் இருக்கின்றன. வாலிஸ்னேரியா போன்ற செடிகளும் கடினநீரில் செழிக்கும். மென்னீர் கிடைத்தவர்களுக்கு எம்பர் டெட்ரா, ஹார்லெக்வின் ராஸ்போரா என்று வேறொரு உலகமே திறந்திருக்கிறது.

கோடையை மறப்பது

வெளிநாட்டு வழிகாட்டிகள் ஹீட்டர் வாங்கச் சொல்லும். சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் நம் கவலை நேரெதிரானது. மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். நியான் டெட்ராவுக்கு உகந்தது 20 முதல் 25 டிகிரி வரை. அடிமட்டத்தில் வாழும் சிறு கெளுத்தியான பாண்டா கோரியும் ஏறக்குறைய அப்படித்தான். சூட்டில் அவை உடனே செத்துவிடாது, அதனால்தான் கடையில் கேட்டால் ‘ஒன்றும் ஆகாது’ என்கிறார்கள். ஆனால் உடலின் இயக்கம் வேகமாகி, நோய் எதிர்ப்பு குறைந்து, அவற்றின் ஆயுள் சுருங்கும்.

சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகிவிடும். மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டியிருக்கும் நேரத்தில்தான் தண்ணீரில் அது குறைகிறது. எனவே சமவெளியில் இருப்பவர்கள் நியானுக்குப் பதிலாகக் கார்டினலையும், பாண்டா கோரிக்குப் பதிலாக ஸ்டெர்பா கோரியையும் தேடுங்கள். ஃபைட்டர், தேன் கௌராமி, கூலி லோச், எம்பர் டெட்ரா ஆகியவையும் சூட்டை ஓரளவு தாங்குபவை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே நியான் மகிழ்ச்சியாக இருக்கும், ராம் சிக்லிட் வளர்க்கத்தான் ஹீட்டர் வேண்டும்.

தண்ணீரின் மேல் சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தால் ஆவியாதலால் சூடு சில டிகிரி குறையும். அப்படி ஆவியான தண்ணீரை மறுபடி கடினநீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள்.

இனத்துக்கு இரண்டாக வாங்குவது

சிறிய தொட்டிகளைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. டெட்ரா, ராஸ்போரா, பார்ப், கோரி எல்லாம் கூட்டமாக வாழப் பிறந்தவை. இரண்டே இரண்டு நியான்களை விட்டால் அவை செடிக்குப் பின்னால் ஒளிந்து, நிறம் வெளுத்து, தீவனத்துக்கும் வெளியே வராது. பத்தை விட்டுப் பாருங்கள், தொட்டியின் நடுவில் வந்து நீந்தும். டைகர் பார்ப் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. இரண்டு மூன்று இருந்தால் அவை மற்ற மீன்களின் துடுப்பைத் தேடிப்போகும். பத்துப் பன்னிரண்டு இருந்தால் துரத்தலும் கடியும் பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். அப்போதும் ஏஞ்சல், ஃபைட்டர், ஆண் கப்பி போன்ற நீண்ட துடுப்புள்ள மீன்களை அவற்றோடு சேர்க்க நான் சொல்ல மாட்டேன். அந்த எண்ணிக்கைக்கு இரண்டடித் தொட்டியும் போதாது.

பார்ப் இனத்தில்தான் ஆசை என்றால் செர்ரி பார்ப் இருக்கிறது. தென்மேற்கு இலங்கையின் நிழல் படிந்த ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வாழும் மீன் இது. 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. ஆண் மீன் செடிகளுக்கு நடுவே செக்கச்செவேலென்று சிவந்து நிற்கும் அழகுக்காகவே ஒரு தொட்டி வைக்கலாம். ஆண்கள் போட்டியிடும் இனம் என்பதால் ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற விகிதத்தில் ஏழெட்டு வாங்குங்கள். இயற்கையில் இதன் எண்ணிக்கை குறைந்துவருவதால், பண்ணையில் வளர்த்த மீனா என்று கேட்டு வாங்குவது அவசியம்.

45 லிட்டருக்கு என் பரிந்துரை எளிமையானது. நடு மட்டத்துக்கு ஒரே இனத்தில் எட்டு முதல் பத்து சிறு மீன்கள், அடிமட்டத்துக்கு ஆறு பிக்மி கோரி அல்லது நான்கைந்து கூலி லோச், மேல்மட்டத்தில் ஒரு ஜோடி தேன் கௌராமி. அவ்வளவே போதும். கடினநீர் வீடாக இருந்தால் ஆண் கப்பிகள் மட்டும் எட்டு, கூடவே சில நெரைட் நத்தைகள். ஆண், பெண் கப்பிகளைச் சேர்த்து வாங்கினால் ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். பெண் கப்பி ஆணின் விந்தை மாதக்கணக்கில் உடலில் சேமித்து வைத்திருக்கும் என்பதால், பிறகு ஆண்களை மட்டும் பிரித்தாலும் பெருக்கம் உடனே நிற்காது.

கடையில் கண்ட அளவை நம்புவது

கடைத் தொட்டியில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். விரல் நீளத்தில் விற்கப்படும் சக்கர் 40 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். பாலா ஷார்க் 30 சென்டிமீட்டரை எட்டும். கேரள ஆறுகளின் அழகியான மிஸ் கேரளா 15 சென்டிமீட்டர் வளர்ந்து, கூட்டமாக வேகமாக நீந்தும். நாலடித் தொட்டியாவது அதற்கு வேண்டும். ஏஞ்சலுக்கு நீளத்தைவிட உயரம் முக்கியம், ஓரடி உயரத் தொட்டியில் அதன் துடுப்புகள் வளைந்துபோகும். கோல்டு பிஷ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது குளிர்ந்த நீரை விரும்பும், கழிவு மிகுந்த, செடி தின்னும் மீன். இந்தத் தொட்டிக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

வளர்ந்துவிட்ட சக்கரை ஏரியிலோ ஆற்றிலோ விடுவது பெரும் கேடு. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இவை ஏற்கெனவே பெருகி மீனவர்களின் வலையை நாசமாக்குகின்றன. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பாசிக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், விளக்கு எரியும் நேரத்தைக் குறைப்பதும் நெரைட் நத்தையும் அதைவிட நல்ல தீர்வு.

சிறியதாக இருந்தால் சாதுவாக இருக்கும் என்பதும் தவறான கணக்கு. மேற்குத்தொடர்ச்சி மலையைச் சேர்ந்த குட்டிப் பஃபர் மீன் 3 சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். அது நத்தைகளைத் தின்னும், தன்னைவிடப் பெரிய மீனின் வாலையும் கடிக்கும். தனித் தொட்டியில் வைத்தால் மட்டுமே அதன் அறிவுக்கூர்மையை ரசிக்க முடியும்.

செடிகளையும் ஓர் உயிராக எண்ணாதது

மீன் வாங்கும்போது கூடவே கல் உப்பும் நீல மருந்தும் கொடுத்தனுப்புவது நம் கடைகளில் பழக்கம். வெறும் கண்ணாடித் தொட்டிக்கு அது ஒருவேளை பொருந்தலாம். செடித் தொட்டியில் உப்பு பல செடிகளைக் கருக்கும், கோரிக்கும் லோச்சுக்கும் ஒவ்வாது. நீல மருந்தான மெத்திலீன் ப்ளூ செடிகளையும் பில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் பாதிக்கும். தாமிரம் கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். அதனால்தான் புதிய மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்திருந்து, வெண்புள்ளி நோய் எதுவும் வரவில்லை என்று பார்த்தபிறகே சேர்க்க வேண்டும். சிகிச்சை தேவைப்பட்டாலும் அங்கேயே முடித்துவிடலாம்.

செடி நிறைய இருந்தால் ஆக்சிஜனும் நிறைய இருக்கும் என்று நம்பி மீன்களைக் கூட்டிக்கொண்டே போவது இன்னொரு ஆபத்து. விளக்கு அணைந்ததும் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது இதனால்தான். கரியமில வாயு செலுத்தும் தொட்டியில் இரவில் அதை நிறுத்தாவிட்டால் இன்னும் மோசம். கோடை இரவில் மின்சாரமும் போனால் முதலில் திணறுவது டெட்ராக்களும் ராஸ்போராக்களும்தான். ஃபைட்டரும் கௌராமியும் மேற்பரப்புக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உடையவை என்பதால் தாக்குப்பிடிக்கும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவது

புதிய தொட்டியில் மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டரில் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். செடி மண் போட்ட தொட்டியில் அந்த மண்ணே முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவை விடக்கூடும். பி.எச். உயர்ந்த தண்ணீரில் அம்மோனியாவின் நச்சு மேலும் கூடுவதால் போர்வெல் தண்ணீர் வீடுகளில் இந்தக் காத்திருப்பு இன்னும் முக்கியம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் என்று வந்தபிறகே முதல் மீன்.

எந்த வரிசையில் விடுகிறோம் என்பதும் பொருத்தத்தைத் தீர்மானிக்கும். கூட்ட மீன்களை முதலில் விடுங்கள். இரண்டு வாரம் கழித்து அடிமட்ட மீன்கள். எல்லை வகுத்துக்கொள்ளும் கௌராமியையும் ஃபைட்டரையும் கடைசியில்தான் விட வேண்டும். முதலில் வந்தால் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு, பின்னால் வருபவற்றைத் துரத்தும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த அந்த இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்க வேண்டாம். கௌராமியோ ஃபைட்டரோ ஏற்கெனவே முதலில் வந்துவிட்டிருந்தால், புதிய மீன்களை விடும் நாளில் கற்களையும் கட்டைகளையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லைகள் குலைந்து, எல்லா மீன்களும் புதிதாகவே இடம் தேடத் தொடங்கும்.