பிங் போகிறது, லைசென்ஸ் வரவில்லை

ஒரு திங்கட்கிழமை காலை பெங்களூர் பீன்யாவிலிருந்து போன். “அண்ணா, லைசென்ஸ் சர்வர் செத்துப்போச்சு. பன்னிரண்டு சிஸ்டமும் சும்மா நிக்குது.” பேசியவர் தர்மபுரித் தம்பி, அங்கே ஒரு சின்ன டிசைன் கம்பெனியில் இருக்கிறார். லைசென்ஸ் சர்வர் என்பது, சாஃப்ட்வேரைத் திறக்கும் அனுமதியை எல்லா சிஸ்டத்துக்கும் நெட்வொர்க் வழியாகக் கொடுக்கும் கம்ப்யூட்டர்.

“பிங் போகுதா?”

“போகுது அண்ணா. அதான் புரியலை.”

அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறிப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் சர்வரை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்திருந்தார்கள். சர்வருக்கு ஒன்றுமே ஆகவில்லை. பெங்களூரில் லைசென்ஸ் கோளாறு பார்க்க நான் போகும் இடங்களில் பெரும்பாலும் இதே கதைதான். கெட்டுப்போவது சர்வரும் சாஃப்ட்வேரும் இல்லை, நடுவில் இருக்கும் வழி.

பிங்கை, அதாவது நெட்வொர்க்கில் ஒரு மெஷினைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பதை, நம்புவதுதான் முதல் தவறு. மெஷின் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். லைசென்ஸ் வருவது டிசிபி போர்ட் (மெஷினில் புரோகிராம்கள் பேசும், எண் போட்ட கதவு) வழியாக, பிங்குக்குப் போர்ட் என்பதே கிடையாது. விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையில் சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால்தான் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

கதவு ஒன்று இல்லை, இரண்டு. இங்கேதான் பலரும் விழுகிறார்கள். டிசைன், சிமுலேஷன், சிப் டிசைன் சாஃப்ட்வேர்களில் நிறைய ஃப்ளெக்ஸ்நெட் முறையில் ஓடுகின்றன. பழைய ஆட்கள் இன்னும் ஃப்ளெக்ஸ்எல்எம் என்றுதான் சொல்வார்கள். அதில் எல்எம்ஜிஆர்டி என்ற புரோகிராம் வாசல் வாட்ச்மேன் மாதிரி. போர்ட் எண் எதுவும் குறிப்பிடாவிட்டால் 27000 முதல் 27009 வரை உள்ளவற்றில் ஒன்றில் உட்காரும். நம் கம்ப்யூட்டர் போய்க் கேட்டால், “அந்தக் கவுன்டருக்குப் போங்க” என்று கை காட்டும். லைசென்ஸை எடுத்துக் கொடுப்பது அந்தக் கவுன்டர்தான், அதாவது வெண்டர் டீமன். அதற்குத் தனிப் போர்ட். லைசென்ஸ் ஃபைலில் எண் எழுதி வைக்காவிட்டால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கையில் கிடைத்த ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.

பீன்யாவில் நடந்தது இதுதான். ஒருவர் என்றைக்கோ, அப்போது ஓடிக்கொண்டிருந்த போர்ட்டைப் பார்த்து அதை மட்டும் ஃபயர்வாலில், அதாவது எந்தக் கதவு வழியாக உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவலில், திறந்துவிட்டுப் போயிருக்கிறார். மாதக்கணக்கில் ஓடியது. ஞாயிறு இரவு கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, சர்வர் மறுபடி எழுந்தபோது கவுன்டர் வேறு எண்ணுக்கு மாறிவிட்டது. வாட்ச்மேன் பேசுகிறார், கவுன்டரில் பதில் இல்லை. திரையில் எரர் எண் -15, சிலருக்கு -96; இரண்டுமே சர்வரைத் தொட முடியவில்லை என்பதுதான். இந்த நிலையில் மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தால் மூன்று புதுப் போர்ட்தான் கிடைக்கும்!

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். லைசென்ஸ் ஃபைலில் வெண்டர் என்று தொடங்கும் வரியின் கடைசியில் போர்ட், சமக்குறி, ஓர் எண் என்று எழுதி, சர்வீஸை ஒரு தடவை நிறுத்தித் தொடங்கி, இரண்டு எண்களையும் ஃபயர்வாலில் திறந்தால் முடிந்தது. இந்த எண்ணை நாமே எழுதலாம். ஆனால் சர்வர் வரியில் உள்ள ஹோஸ்ட் ஐடியை, அதாவது அந்த மெஷினின் அடையாள எண்ணை, தொடாதீர்கள். ஃபைலின் கையெழுத்தே அதோடு கட்டப்பட்டது, லைசென்ஸ் செல்லாமல் போய்விடும்.

ஃபயர்வால் என்றதும் இன்னொன்று. ரௌட்டர் மாற்றிய மறுநாள் லைசென்ஸ் வரவில்லை என்றால், சர்வரின் நெட்வொர்க் பப்ளிக் என்று மாறியிருக்கிறதா பாருங்கள். பிரைவேட்டுக்கு மட்டும் போட்ட ஃபயர்வால் விதி அப்போது வேலை செய்யாது.

கிளையன்ட் பக்கம், அதாவது லைசென்ஸ் கேட்கும் சிஸ்டங்கள் பக்கம் வந்தால், சர்வரில் இருக்கும் லைசென்ஸ் ஃபைலையே எல்லா சிஸ்டத்திலும் காப்பி போட்டு வைக்கும் பழக்கம். அன்றைக்கு வேலை செய்யும். அடுத்த வருடம் சர்வர் மாறினால், எந்த மெஷினில் எந்தக் காப்பி என்று தேடி அலைய வேண்டும். எல்எம்_லைசென்ஸ்_ஃபைல் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் (சாஃப்ட்வேர்கள் படிப்பதற்காக சிஸ்டத்தில் பெயரிட்டு வைக்கும் குறிப்பு), அல்லது அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கென்றே உள்ள வேரியபிளில், 27000@சர்வர்பெயர் என்ற வடிவில் ஒரு வரி போதும். இரண்டு சர்வர் இருந்தால் நடுவில் விண்டோஸில் அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. இதை மாற்றிப் போட்டுவிட்டு அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். செத்துப்போன பழைய சர்வரின் பெயரையும் எடுத்துவிடுங்கள். சாஃப்ட்வேர் முதலில் அதைத் தேடிப் போய்க் காத்திருக்கும், நாம் கம்ப்யூட்டர் ஸ்லோ என்று திட்டுவோம். அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியிலும், லினக்ஸில் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஃப்ளெக்ஸ்எல்எம்ஆர்சி ஃபைலிலும் பழைய முகவரி ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

எரர் எண்ணைப் படிக்காமல் போன் செய்வதும் தவறுதான். -4 வந்தால் கனெக்ஷன் நன்றாகவே இருக்கிறது, லைசென்ஸ் எல்லாம் ஆட்கள் கையில். எல்எம்ஸ்டாட் கட்டளையை -ஏ போட்டு ஓட்டினால் யார், எந்த மெஷினில், எத்தனை மணியிலிருந்து பிடித்து வைத்திருக்கிறார் என்பது தெரியும். பாதி நேரம் சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்தான். வெண்டர் டீமன் படிக்கும் விதிகளை எழுதி வைக்கும் ஆப்ஷன்ஸ் ஃபைலில் டைம்அவுட் வைத்தால் சும்மா கிடக்கும் லைசென்ஸ் திரும்பி வரும். சாஃப்ட்வேரும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், பொதுவாக 900 விநாடிக்குக் குறைவாக வைக்க முடியாது.

அப்புறம், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக ரௌட்டரில் இந்தப் போர்ட்டுகளை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். கேட்பவர் யார் என்று ஆழமாக விசாரிக்கும் வழக்கம் அந்த வாட்ச்மேனுக்குக் கிடையாது. விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனி வழி, அதன் வழியாக மட்டும் விடுங்கள். விபிஎன்னில் வந்தும் கிடைக்கவில்லை என்றால், வீட்டு லேப்டாப்புக்குச் சர்வரின் பெயர் தெரிகிறதா என்று என்எஸ்லுக்அப் போட்டுப் பாருங்கள். பெயர் தெரிந்தால், மறுபடி அந்த இரண்டு கதவுகள்: விபிஎன் பெட்டியிலும் ஒன்றை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள்.