மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு எந்த ஜெட்?

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் பாய் ஒருவர் போன மாதம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் முடிந்து கை கழுவிவிட்டு வந்தால், மேஜையில் மூன்று நடுத்தர பிசினஸ் ஜெட்களின் புரோஷர்களைப் பரப்பி வைத்திருக்கிறார்: சைட்டேஷன் லாட்டிடியூட், சைட்டேஷன் எக்ஸ்எல்எஸ் பிளஸ், பிரேட்டர் 500. "கேப்டன் சார், இதில் எது நல்லது?" நானும் எடுத்த எடுப்பில் புரோஷரைப் புரட்டவில்லை. "எத்தனை பேர், எங்கிருந்து எங்கே, என்ன மாதம், எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். முதலாளியிடம் இதே கேள்வியைச் சந்திக்கப் போகும் நம் ஊர் இளம் விமானிகளுக்காக, அன்றைக்குப் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன்.

பாயின் பதில்: ஆறு பேர், சாம்பிள் பெட்டிகள், சென்னையிலிருந்து கான்பூர், டெல்லி, சில சமயம் துபாய். முதலில் இதில் மிகக் கடினமான நாளை எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையது எப்போதும் அக்னி நட்சத்திரம், மதியம் இரண்டு மணி.

புரோஷரில் போட்டிருக்கும் ஓடுதூரம் கடல் மட்டத்தில் 15 டிகிரிக்கானது. நம் பக்கம் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் அபூர்வம். மீனம்பாக்கத்தில் 41 டிகிரி என்றால் 26 டிகிரி கூடுதல். சூடான காற்று, உயரத்துக் காற்றைப் போல மெலிந்துவிடும். அதை உயரமாக மாற்றினால், டிகிரிக்கு 120 அடி வீதம் 3,120 அடி. மே மாத மதியத்தில் காற்றழுத்தமும் குறைந்திருக்கும், அதற்கு ஒரு 270 அடி. ஆக மொத்தம் சுமார் 3,400 அடி. இதுதான் டென்சிட்டி ஆல்டிட்யூட். சக்கரம் மீனம்பாக்கத்தில் நின்றாலும், இறக்கைக்கும் இன்ஜினுக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஏலகிரி மலைக் காற்று. பெங்களூர் எச்ஏஎல் நிலையம் ஏற்கெனவே 2,900 அடியில் இருக்கிறது. அங்கே 35 டிகிரி அடித்தால் கணக்கு 6,000 அடியைத் தொடும்.

சென்னையில் ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல் இருக்கிறதே, என்ன கவலை என்று கேட்கலாம். ஓடுபாதை மீதமிருந்தும் நான் ஆளை இறக்கியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது நடந்தது. இதே மாதிரி ஒரு மதியம், ஏழு பயணிகள். வி-ஒன், அதாவது அதற்குமேல் கிளம்புவதைக் கைவிடக் கூடாத வேகம், அதைத் தாண்டி ஒரு இன்ஜின் போனாலும், சக்கரத்தை மடக்கிய பிறகு விமானம் 2.4 சதவீத ஏற்றத்தில் ஏறியாக வேண்டும். அந்த வெயிலில் எங்கள் எடைக்கு அது கிடைக்கவில்லை. முதலாளியின் தம்பியையும் மருமகனையும் இறக்கிவிட்டுத்தான் கிளம்பினோம். விமானத்தை வாங்கும்போது புரோஷரில் இருந்த எடையை யாரும் வெயிலில் வைத்துப் பார்க்கவில்லை. அதனால் விற்பனைக்காரரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, 40 டிகிரியில் இந்த ஏற்றம் கிடைக்கிற அதிகபட்ச எடை எவ்வளவு என்பதுதான். விமானக் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல் போதாது.

அடுத்தது எடை. சைட்டேஷன் லாட்டிடியூடில் முழு டேங்க் போட்டால் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிஞ்சுவது சுமார் 1,000 பவுண்ட், அதாவது 454 கிலோ. பெட்டியோடு ஆளுக்கு 90 கிலோ என்றால் பாயின் ஆறு பேருக்கு 540 கிலோ. 86 கிலோ எரிபொருளைக் குறைத்தால் சரியாகிவிடும். 2,700 நாட்டிகல் மைல் (ஒன்று 1.85 கிலோமீட்டர்) போகக்கூடிய விமானத்தில் அது தெரியவே தெரியாது. எக்ஸ்எல்எஸ் பிளஸ் சிறியது, சிக்கனமானது, எனக்குப் பிடித்த விமானம். ஆனால் முழு டேங்க்கோடு அதில் ஆறு பேர் ஏற முடியாது. சென்னை–கான்பூர் சுமார் 800 நாட்டிகல் மைல்தான், அதற்கு முழு டேங்க் தேவையில்லை. துபாய்தான் இடிக்கிறது. தூரம் சுமார் 1,580. குளிர்காலத்தில் மேற்கே போகும்போது சராசரியாக 50 நாட் (மணிக்கு 50 நாட்டிகல் மைல்) எதிர்க்காற்று என்று வைத்தால், 430 நாட் வேகத்துக்கு அது 1,790 மைல் பறப்பதற்குச் சமம். மாற்று நிலையத்துக்கும் ரிசர்வுக்கும் எரிபொருள் வைத்து, ஆறு பேரையும் ஏற்றிப் பாருங்கள். புரோஷரில் 2,100 என்று போட்டிருப்பது இத்தனை பேரை வைத்துக்கொண்டு இல்லை.

இறங்குவதற்கு வருவோம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சார்ட்டருக்கு, அதாவது வாடகைக்கு, ஓட்டுவதென்றால், கணக்கிட்ட இறங்குதூரம் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். ஈரமாக இருந்தால் இன்னும் 15 சதவீதம் கூடுதல். சேலம் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். அதில் 60 சதவீதம் 1,080. ஐப்பசி மழையில் அதை 1.15-ஆல் வகுத்தால் 939 மீட்டர். முழு இறங்கு எடையில் எக்ஸ்எல்எஸ் பிளஸ் கேட்பது 3,180 அடி, அதாவது 969 மீட்டர். அடங்காது, எடையைக் குறைத்தாக வேண்டும். லாட்டிடியூட் 2,480 அடி, 756 மீட்டர். தாராளமாக அடங்கும். பெரிய விமானம் சின்ன விமானத்தைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கிறது. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

அப்துல்லாபுரத்தில் இறங்க முடியுமா என்றும் கேட்டார். வேலூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பதுதான். அந்த ஓடுபாதை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 15 டிகிரியிலேயே எக்ஸ்எல்எஸ் பிளஸ் முழு எடையில் கிளம்ப 1,085 மீட்டர் வேண்டும். அரக்கோணம் ராஜாளி தளத்தில் நீளத்துக்குக் குறைவில்லை, ஆனால் அது கடற்படையுடையது. காரில் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

காக்பிட் விஷயத்தில் என் கருத்தை ஒளிக்கவில்லை. பிரேட்டர் 500 முழு ஃப்ளை-பை-வயர், அதாவது விமானி கொடுக்கும் அசைவு கம்ப்யூட்டர் வழியாக மின்சாரத்தில் போகும்; கையில் சைட்ஸ்டிக் என்ற பக்கவாட்டுக் குச்சி. கொந்தளிப்பில் அது ஓடுகிற நிதானம் அழகு. ஆனால் பக்கத்தில் இருப்பவர் ஸ்டிக்கை அசைத்தால் நம் ஸ்டிக் அசையாது. புது கோ-பைலட்டைக் குறுக்குக்காற்றில் பழக்கும்போது அவர் கை என்ன செய்கிறதென்று எனக்குத் தெரிய வேண்டும். அதனால் பயிற்சி கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் பக்கமும் சேர்ந்து அசையும் யோக் என்ற கைப்பிடிச் சக்கரத்தையே நான் விரும்புகிறேன். லாட்டிடியூடில் யோக் இருக்கிறது, இன்ஜின் விசையைத் தானே சரிசெய்யும் ஆட்டோத்ராட்டிலும் இருக்கிறது. எக்ஸ்எல்எஸ் பிளஸ்ஸில் ஆட்டோத்ராட்டில் இல்லை. நாளுக்கு நான்கு செக்டர் (ஒரு கிளம்பலும் ஒரு இறங்கலும் ஒரு செக்டர்) பறந்தால் அந்த வேறுபாட்டை நான்காவது முறை இறங்க வரும்போது உணர்வீர்கள்.

பழைய விமானங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஹாக்கர் 800 எக்ஸ்பி உறுதியான மாடு, ஆனால் உற்பத்தி நின்று பல வருடமாகிறது. பெட்டிகளை கேபினுக்குள்ளேயே வைக்க வேண்டும், சாம்பிள் பெட்டிக்காரர்களுக்கு அது சிரமம். லியர்ஜெட் 60 51,000 அடி ஏறும். நம் பக்கத்து இடிமேகம் அதையும் தாண்டி வளரும் என்பதால் அந்த உயரத்தை நம்பி வாங்காதீர்கள். ஓடுபாதையும் அதிகம் கேட்கும்.

ஏறுவதைப் பற்றி இன்னொன்று. 30,000 அடியில் நம் வானம் ஐசாவைவிட, அதாவது புரோஷர்கள் கணக்கு வைக்கும் தர வளிமண்டலத்தைவிட, பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். முழு எடையில் விமானம் அங்கேதான் திணறும். முழு எடையில் கிளம்பி 41,000 அடிக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்.

என் அப்பா காட்பாடியில் கூட்ஸ் கார்டு. வண்டியின் பிரேக் சரியாக இருக்கிறதென்று சொல்லும் பிரேக் பவர் சர்ட்டிபிகேட்டைக் கையில் வாங்காமல் வண்டிக்குக் கொடி காட்ட மாட்டார். நானும் பாயிடம் அதையே கேட்டேன்: ஆறு பேரையும் நிஜச் சாம்பிள் பெட்டிகளையும் ஏற்றி, துபாய்க்கான எரிபொருளையும் போட்டு, மதியம் இரண்டு மணிக்கு டெமோ பறக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். என் ஓட்டு லாட்டிடியூடுக்கு. மே முதல் வாரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பெட்டிகளை எடை போட பாய் குடோனிலிருந்து தராசை அனுப்புகிறார்.