நாரின் படுகையின் நீர்ப் பற்றாக்குறையை விரிதாளில் கணிப்பது எப்படி?

மலை ஆறுகளைப் பொறுத்தவரை, ஓர் ஆண்டில் எவ்வளவு நீர் வருகிறது என்பதைவிட எந்த மாதத்தில் வருகிறது என்பதே முக்கியம். கிர்கிஸ்தானின் தியான் ஷான் மலைகளில் பிறந்து, பெர்கானா பள்ளத்தாக்கில் கரா தரியாவுடன் சேர்ந்து சிர் தரியாவாக மாறும் நாரின் ஆற்றை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்கேயுள்ள தோக்தோகுல் நீர்த்தேக்கத்தின் மொத்தக் கொள்ளளவு 19.5 கன கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 5.5 கன கிலோமீட்டர் பயன்படுத்த இயலாத அடிமட்ட இருப்பு. மின் உற்பத்திக்காகக் கிர்கிஸ்தான் குளிர்காலத்தில் நீரைத் திறக்க விரும்புகிறது. கீழேயுள்ள உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் வயல்களுக்கோ அது கோடையில் தேவைப்படுகிறது.

முதல் படியாக, படுகையை 500 மீட்டர் இடைவெளியில் உயர மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும் எனக் கொள்ளலாம்.

இரண்டாம் படி பனி உருகுதல். தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். 2000 மீட்டரில் உள்ள நிலையத்தில் 18 பாகை என்றால் 3500 மீட்டரில் 8.25 பாகை இருக்கும். ஒரு பாகைக்கு நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் உருகும் என வைத்தால் 33 மில்லிமீட்டர் கிடைக்கும்; 1000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது 3.3 கோடி கன மீட்டர். இதை அப்படியே முப்பதால் பெருக்கிவிடாதீர்கள். அங்கு 300 மில்லிமீட்டர் நீருக்கு ஈடான பனிதான் இருக்கிறதென்றால் அது பத்தாவது நாளிலேயே தீர்ந்துவிடும். ஆகவே கணக்கை நாள்தோறும் செய்து, உருகும் அளவு கையிருப்புப் பனியைத் தாண்டாதபடி வரம்பிடுங்கள். பனியாறு மூடிய பரப்புக்கு இவ்வரம்பு பொருந்தாது என்பதால், அதற்கு விரிதாளில் தனி நெடுவரிசை வேண்டும்.

மூன்றாவதாக, இந்த உருகுநீரோடு மழைநீரையும் சேர்த்து, ஆவியாதலைக் கழித்து, மாத வரத்தாகத் திரட்டுங்கள். முந்தைய இருப்புடன் வரத்தைக் கூட்டித் திறப்பைக் கழித்தால் புதிய இருப்பு கிடைக்கும்; அது 5.5க்குக் கீழும் 19.5க்கு மேலும் போகக் கூடாது.

இனி மின்தேவையையும் பாசனத் தேவையையும் தனித்தனி நெடுவரிசைகளில் எழுதி, ஒரே திறப்பு இரண்டையும் எந்தெந்த மாதங்களில் நிறைவு செய்யவில்லை என்று கணக்கிடுங்கள். மின்சாரம், பாசனம் என இரு தரப்பின் குறைவையும் ஒரே எண்ணாகக் கூட்டுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் யார் இழக்கிறார் என்பது அதில் மறைந்துபோகும். மூன்று நாடுகளும் 1998 மார்ச்சில் செய்துகொண்ட உடன்படிக்கை, கோடைத் திறப்புக்கு ஈடாகக் கீழ்நாடுகள் மின்சாரமும் எரிபொருளும் தர வழிசெய்ததால், அந்தப் பரிமாற்றத்தைக் குளிர்கால மின்தேவையிலிருந்து கழித்துப் பார்க்கலாம்.

ஒரு பாகைக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்த உருகு எண்ணைச் சில ஆண்டுகளின் ஆற்றோட்ட அளவீடுகளோடு பொருத்திச் சரிசெய்து, வேறு ஆண்டுகளில் சோதியுங்கள். அதன்பின் வெப்பநிலையை 2 பாகை கூட்டி, உருகுநீரின் உச்சம் எத்தனை நாள் முன்னதாக வருகிறது, ஆகஸ்ட் மாதப் பாசனத்துக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.