பைதான் பிழைச் செய்தியை வாசிக்கக்கூடியதாக்கிய என் அனுபவம்

உப்புவெளியில் மீன் வியாபாரம் செய்யும் மாமாவுக்கு, எக்ஸெல் கோப்பிலிருந்து நிறைக் கணக்குப் போடும் ஒரு பைதான் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் அது நின்றுபோய், திரை நிறைய வரிகளைக் கொட்டியது. "தம்பி, இது என்ன சொல்லுது?" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்.

நிரல் நிற்கும்போது பைதான் கொட்டும் இந்தப் பிழைச் செய்திக்கு டிரேஸ்பேக் என்று பெயர்; அதைக் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். உண்மையான பிழை கடைசி வரியில்தான் இருக்கும். அங்கே இருந்தது: கீஎரர் 'நிறை'. அதாவது, 'நிறை' என்ற பெயரைத் தேடிக் காணவில்லை. ஆனால் கோப்பில் அந்தத் தலைப்புள்ள நெடுவரிசை கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது! மேலே இருந்த வரிகளில் பெரும்பாலானவை, அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தின் உள்வேலைகள். நம் வரி அவற்றுக்குள் புதைந்து கிடந்தது.

முதலில் பழைய பைதானை 3.13க்கு மாற்றினேன். 3.11 முதலே தவறு நடந்த துண்டின் கீழே கூம்புக்குறி (^) வரும், 3.13இல் நிறமும் உண்டு. அப்புறம் திரை வெளியீட்டை அழகாகக் காட்டும் ரிச் நூலகத்தின் டிரேஸ்பேக்கை நிறுவி, பாண்டாஸ் வரிகளைச் சுருக்கி, மாறிகளின் மதிப்பைக் காட்டச் சொன்னேன். தலைப்புப் பட்டியலில் உடனே தெரிந்தது: 'நிறை '. மூடும் மேற்கோளுக்கு முன்னால் ஓர் இடைவெளி! தலைப்புகளை ஸ்ட்ரிப் செய்ததும் (ஓரங்களில் இருக்கும் இடைவெளிகளை நீக்கியதும்) சரியாகிவிட்டது.

மாமாவின் கணினியில், பிடிபடாத பிழை வந்தால் பைதான் அழைக்கும் எக்ஸெப்ட்ஹுக்கை மாற்றி, தமிழில் ஒரு வரி மட்டும் காட்ட வைத்தேன். முழு விவரமும் ஒரு பதிவுக் கோப்புக்குப் போகும். மாறிகளைக் காட்டும்போது கடவுச்சொல்லும் சேர்ந்து வரலாம், பகிரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.