லினக்ஸ், மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி: முனைய அமைப்புகளைச் சேமித்து மீட்டெடுக்கும் முறை

கடவுச்சொல் கேட்கும் ஷெல் ஸ்கிரிப்ட், தட்டும் எழுத்துகள் திரையில் தெரியாதிருக்க எக்கோவை நிறுத்துகிறது. அதை மீண்டும் இயக்குவதற்குள் பயனர் ஸ்கிரிப்டை நிறுத்தும் கன்ட்ரோல்-சி அழுத்தினால், ஸ்கிரிப்ட் முடிந்த பிறகும் எழுத்துகள் தெரியாமலே போகலாம். எக்கோ போன்ற முனைய அமைப்புகளை இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த முனையத்தோடு சேர்த்து வைத்திருப்பதால், ஸ்கிரிப்ட் முடிவதோடு அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

முதலில், நிலையான உள்ளீடு முனையம்தானா என்று 'டெஸ்ட் -டி 0' கட்டளையால் சோதியுங்கள். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் கிரான் வழியாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு முனையம் இராது. அங்கே அடுத்த படிகள் வேண்டியதில்லை.

இரண்டாவதாக, முனைய அமைப்புகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் எஸ்டிடிஒய்யை 'எஸ்டிடிஒய் -ஜி' என்று இயக்கி, அந்தக் கட்டளையின் வெளியீட்டை ஒரு மாறியில் சேமியுங்கள். லினக்ஸில் அது முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட பதினறும எண்களாக வரும். மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டிலும் 'ஜிஎஃப்எம்டி1' என்று தொடங்கி, பெயரும் மதிப்புமாக நீளும். வடிவம் எதுவானாலும், அதே கணினியமைப்பில் அதே கட்டளைக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது மட்டுமே யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரநிலையான போசிக்ஸ் தரும் உறுதி. ஆகவே அந்தச் சரத்தைப் பிரித்துப் படிக்கவோ, ஒரு பகுதியை மாற்றவோ, வேறொரு கணினிக்குக் கொண்டுபோகவோ கூடாது. என் பார்வையில் இந்த முறையின் உயிர்நாடி இதுதான்.

மூன்றாவதாக, எதையும் மாற்றும் முன்பே, டிராப் கட்டளையால் மீட்டெடுப்பை ஏற்பாடு செய்யுங்கள். ஸ்கிரிப்ட் முடியும்போதோ, நிறுத்தச் சொல்லும் சிக்னல் போன்ற அறிவிப்பு வரும்போதோ எதை இயக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது டிராப். சில ஷெல்கள் சிக்னலால் நிறுத்தப்படும்போது ஸ்கிரிப்ட் முடிவுக்கான எக்ஸிட் டிராப்பை இயக்குவதில்லை என்பதால், இன்ட் (கன்ட்ரோல்-சி), டெர்ம் (முடித்துக்கொள்ளக் கோருவது), ஹப் (முனையத் தொடர்பு அறுவது) ஆகிய சிக்னல்களுக்கும் தனியே டிராப் அமைத்து, அதில் அமைப்புகளை மீட்டபின் ஸ்கிரிப்டிலிருந்து வெளியேறச் செய்யுங்கள்.

இதன் பின்னரே 'எஸ்டிடிஒய் -எக்கோ' கொடுத்துக் கடவுச்சொல்லைப் படியுங்கள். முடிந்ததும் சேமித்த சரத்தையே திருப்பிக் கொடுங்கள். 'எஸ்டிடிஒய் எக்கோ' என்று மட்டும் எழுதினால், முன்பே எக்கோ நிறுத்தப்பட்டிருந்த முனையத்தின் நிலையை நாமே குலைத்துவிடுவோம்.

சீரியல் போர்ட் போன்ற வேறு சாதனத்தைக் குறிக்க லினக்ஸில் பெரிய எஃப், பிஎஸ்டி வகைகளில் சிறிய எஃப் என்று தெரிவு மாறுகிறது. எஸ்டிடிஒய் நிலையான உள்ளீட்டின் மீதே செயல்படுவதால், சாதனக் கோப்பை உள்ளீடாகத் திசைதிருப்பினால் எல்லாவற்றிலும் ஒரே வரி போதும்.

ஸ்கிரிப்டை உடனே நிறுத்தும் கில் சிக்னலை எந்த டிராப்பாலும் பிடிக்க முடியாது. அப்போது, முனையத்தை வழக்கமான நிலைக்குக் கொண்டுவரும் 'எஸ்டிடிஒய் சேன்' உதவும். என்டர் விசை வேலை செய்யாவிட்டால், கட்டளைக்கு முன்னும் பின்னும் கன்ட்ரோல்-ஜே அழுத்துங்கள். ஆனால் 'எஸ்டிடிஒய் சேன்' பொதுவான அமைப்புகளையே தரும். பயனர் தமக்கென வைத்திருந்தவற்றை அவர் மீண்டும் அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.