வெற்றிடத்தில் நீராவி: கல்குலேட்டரில் கணக்குப் பார்ப்பது எப்படி?

ஏசி குழாய்க்குள் ஈரம் நின்றால் வெற்றிடப் பம்பியைப் போட்டு இழுப்பார்கள். எந்த அமுக்கத்தில் அந்த நீர் கொதிக்கும், ஆவியானால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று முதலே கணக்குப் பார்க்கலாம், உயர்தரப் பௌதிகவியல் தெரிந்தால் போதும்.

1. அமுக்கம்
இங்கேதான் கூடுதலாகப் பிழை வரும். கணக்குக்கு வேண்டியது குழாய்க்குள் உள்ள முழு அமுக்கம், ஆனால் சாதாரணக் கேஜ் (அமுக்கமானி) காட்டுவது வெளிவளியை விட எவ்வளவு குறைவு என்பதை மட்டும். திருகோணமலை கடலோரம், வெளியே ஏறக்குறைய 101 கிலோபஸ்கால், ஆகவே கேஜில் −91 என்றால் உள்ளே 10. நுவரெலியாவில் வெளியமுக்கமே 81 அளவுதான், அங்கே −91 வரவே வராது.

2. கொதிக்கும் அமுக்கம்
மடக்கை(அமுக்கம்) = 8.07131 − 1730.63 ÷ (233.426 + வெப்பநிலை)
மடக்கையின் அடி 10, வெப்பநிலை பாகை செல்சியசில், விடை மில்லிமீற்றர் இரசத்தில். 0.1333ஆல் பெருக்கினால் கிலோபஸ்கால். நம்மூர் வெயிலுக்கு 30 பாகை போட்டுப் பாருங்கள்: 31.7 மி.மீ., அதாவது 4.23 கிலோபஸ்கால். நீராவி அட்டவணையில் 4.25, இந்த வித்தியாசம் நமக்குப் பரவாயில்லை. கன்னியா வெந்நீரூற்றில் 40 பாகையில் ஒரு வாளி அள்ளினால் அது 7.4இல் கொதிக்கும்.

3. கனவளவு
அமுக்கம் குறைந்த நீராவி இலட்சிய வாயு போலவே நடக்கும், அதனால் கணக்கு சுலபம்: 0.4615 × கெல்வின் ÷ கிலோபஸ்கால். விடை ஒரு கிலோவுக்குக் கனமீற்றரில், ஒரு கிராமுக்கு லீற்றரில். 30 பாகையில் 4.25 கிலோபஸ்காலில் ஒரு கிராம் நீர் 33 லீற்றர் ஆவியாகும், அதையே 0.1 வரை இறக்கினால் கிட்டத்தட்ட 1400 லீற்றர்! இவ்வளவையும் பம்பிதான் வெளியே தள்ள வேண்டும், அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

4. மறைவெப்பம்
2501 − 2.38 × வெப்பநிலை, கிலோவுக்குக் கிலோயூலில். 30 பாகையில் சுமார் 2430. இந்த வெப்பத்தை ஆவி மீதி நீரிடமிருந்துதான் எடுக்கும். குழாயில் 20 கிராம் நின்று, வெளியிலிருந்து வெப்பம் வந்துசேர முன் ஒரு கிராம் கொதித்துப் போனால், மிச்சம் 19 கிராமும் 30 பாகை இறங்கிப் பூச்சியத்துக்கே வந்துவிடும். அப்புறம் 0.61 கிலோபஸ்காலுக்குக் கீழே போனால் பனிக்கட்டிதான், அது மெல்ல மெல்லத்தான் ஆவியாகும். வெளியே வெயில் கொளுத்தினாலும் வேகமாக இழுத்தால் இது நடக்கும்.

சரி, ஈரம் போய்விட்டதா? வால்வை மூடி, பம்பியை நிறுத்தி, மைக்ரோன் கேஜைக் (மிகக் குறைந்த அமுக்கத்தை அளக்கும் கேஜ்) கவனியுங்கள். அமுக்கம் ஏறி ஒரு மட்டத்தில் நின்றால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது, நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஒழுக்கு.