"சாப்பிடலையா?" என்று இங்கிலீஷில் கேட்டால் யெஸ்ஸா, நோவா?

"நீங்க இன்னும் சாப்பிடலையா?" என்று யாராவது கேட்டால், "ஆமா, சாப்பிடலை" என்போம். நீங்கள் நினைத்தது சரிதான் என்று ஒத்துக்கொள்கிற ஆமா அது. இதே பழக்கத்தில், "டிட்ன்ட் யூ ஈட்?" என்ற கேள்விக்கு "யெஸ், ஐ டிட்ன்ட் ஈட்" என்று சொல்லிவிடுகிறோம், கேட்டவர் சாப்பிட்டாயா இல்லையா என்று புரியாமல் விழிப்பார். வெறும் "யெஸ்" என்று நிறுத்தினால் இன்னும் மோசம், சாப்பிட்டாச்சு என்றே எடுத்துக்கொள்வார்.

இங்கிலீஷில் யெஸ், நோ இரண்டும் கேட்டவரின் கேள்வியோடு ஒத்துப்போக வேண்டியதில்லை, நீங்கள் அடுத்துச் சொல்லும் வாக்கியத்தோடு ஒத்துப்போக வேண்டும். சாப்பிட்டிருந்தால் "யெஸ், ஐ டிட்". சாப்பிடவில்லை என்றால் "நோ, ஐ டிட்ன்ட்". கேள்வி "டிட் யூ" என்று வந்தாலும் "டிட்ன்ட் யூ" என்று வந்தாலும் பதில் மாறாது. அதனால் கேள்வியில் 'நாட்' காதில் விழுந்தால் அதை மனதுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, நடந்தது என்ன என்று மட்டும் யோசித்துப் பதில் சொல்லிப் பழகுங்கள், போகப் போகத் தானாக வரும்.

அப்புறம் 'இல்லை' வாக்கியம். தமிழில் நான், அவள், அவர்கள் எல்லோருக்கும் 'போகவில்லை' ஒன்றே போதும். இங்கிலீஷில் டூ, டஸ், டிட் என்று ஒரு துணைச்சொல் வேண்டும். "ஷி லைக்ஸ் டீ" என்பது "ஷி டஸ்ன்ட் லைக் டீ" ஆகிறது, லைக்ஸில் இருந்த 'ஸ்' டஸ்ஸுக்குப் போய்விட்டது. "ஹி வென்ட்" என்பதும் அப்படித்தான், இறந்தகாலத்தை டிட் எடுத்துக்கொண்டதால் "ஹி டிட்ன்ட் கோ". "டிட்ன்ட் வென்ட்" என்பது நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கிற தப்பு, இதை மட்டும் திருத்தினாலே பேச்சு எவ்வளவோ மேம்படும். இஸ், ஆர், கேன், வில் இருந்தால் பக்கத்தில் நாட் சேர்த்தால் சரி.

குறும்பதிலுக்குக் கேள்வியின் முதல் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். "கேன் யூ டிரைவ்?" என்றால் "யெஸ், ஐ கேன்". "ஆர் யூ ரெடி?" என்றால் கேள்வியின் 'ஆர்' பதிலில் 'ஆம்' (am) ஆகி "யெஸ், ஐ ஆம்". இங்கே 'ஐம்' என்று சுருக்கக் கூடாது, "நோ, ஐம் நாட்" என்பதில் சுருக்கலாம்.

இன்னொன்று. ரயிலில் பக்கத்து சீட்டைக் காட்டி "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்று கேட்டால், உட்கார்ந்தால் உங்களுக்குத் தொந்தரவா என்று அர்த்தம். உட்காரச் சொல்ல நினைத்தால் "நோ, ப்ளீஸ் சிட்" என்று சொல்லுங்கள்.